கேமராவில் தெரிந்த இன்னொரு முகம்

இன்று மதியம் பயிற்சி அறையில் தைல வாசனை. காலை ஷிப்ட் முடித்து நேராக வகுப்புக்கு வந்த ஒரு நர்ஸ், நெற்றிப்பொட்டில் தேய்த்துக்கொண்டே கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாடம் நடத்திக்கொண்டிருந்த நான் அவளையே பார்த்தேன். நீயும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாய்.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. திருவொற்றியூரில் இந்த மருத்துவமனையில் நாம் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் முதலில் பட்டம் வாங்கினேன். வேலை பார்க்கும் நர்ஸ்களை ஆன்லைன் பட்டப்படிப்புக்குத் தயார்செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, முதல் பெயராக உன் பெயரைத்தான் எழுதினேன். "பசங்க படிக்கிற வயசுல நான் இன்னாடி படிக்கப் போறேன்?" என்றாய். டிப்ளமோவோடு நின்றால் வார்டுப் பொறுப்பு கிடைக்காது என்று நச்சரித்துச் சேர்த்துவிட்டேன்.

லாகின் செய்வது, அசைன்மென்ட் எழுதி அனுப்புவது, எல்லாம் ஒரே வாரத்தில் உனக்கு வந்துவிட்டது. நரம்பு அகப்படாத குழந்தைக்கும் ஒரே குத்தில் ஊசி ஏற்றுகிறவளுக்கு இது பெரிய விஷயமா. ஆனால் வீட்டிலிருந்தே கேமரா முன்னால் தனியாக உட்கார்ந்து எழுதவேண்டிய முதல் பருவத் தேர்வில் நீ தேறவில்லை. அலட்சியம் என்று நினைத்தேன். சாப்பாட்டு நேரத்தில், மற்றவர்கள் எதிரிலேயே அதைச் சொல்லியும்விட்டேன்.

நீ குரலை உயர்த்தவில்லை. "என் வூடு ஒரே ரூமு. மாமியா படுத்த படுக்கையா பின்னாடியே கீறாங்க. கேமராவுல இன்னொரு ஆள் தெரியுதுன்னு பரீட்சைய நிறுத்திட்டான். அவங்கள எங்க தூக்கிகினு போவேன், சொல்லு."

ராயபுரத்தில் உன் வீட்டுக்கு எத்தனையோ கிறிஸ்துமஸுக்கு வந்திருக்கிறேன். அந்தக் கட்டிலைப் பார்த்தவள்தான். ஆனாலும் சேர்க்கைப் படிவத்தில் 'அமைதியான தனி அறை உண்டா' என்ற கேள்விக்கு, உன்னைக் கேட்காமலேயே 'உண்டு' என்று நான்தான் டிக் போட்டிருந்தேன்.

மறுதேர்வை நீ இந்தப் பயிற்சி அறையில் எழுதினாய். நான் லீவு போட்டு உன் வீட்டில் இருந்தேன். மூன்று மணி நேரத்தில் உன் மாமியாருக்கு இரண்டு முறை துணி மாற்றி, கஞ்சி ஊட்டி, முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்தேன். "அவ எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பரீட்சை என்றால் புரியவில்லை. "டூட்டிக்குப் போயிருக்கா" என்றதும் அடங்கினார். அதற்கே நான் ஓய்ந்துபோனேன். நீ தினமும் இதை முடித்துவிட்டு வார்டுக்கு வந்தாய், வார்டை முடித்துவிட்டு இதற்குத் திரும்பினாய், நடுவில் படித்தாய்.

அந்தத் தேர்வில் தேறினாய். அடுத்தடுத்த பருவங்களிலும். கடைசிப் பருவம் மட்டும் மீதியிருந்தபோது, ஒரு காலை பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய். நம் மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். முக்கால் மணி நேரம் முயன்றோம்.

படிப்பு உன் தூக்கத்தைத் தின்றுவிட்டதா என்று பிறகொரு நாள் உன் கணவரிடம் கேட்டேன். "அதெல்லாம் இல்லம்மா. படிக்கிறப்பதான் அது சிரிச்சுகினு இருந்துச்சு" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ. சில நாள் நம்புகிறேன். சில நாள் முடியவில்லை.

புது பேட்ச் வந்தால் முதல் நாள் இப்போதெல்லாம் நான் கணினியைத் திறப்பதில்லை. "பரீட்சை அன்னிக்கு உன் வூட்ட யாரு பாத்துப்பாங்க?" என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டு, பெயரை எழுதிக்கொள்கிறேன். அக்கா, பக்கத்து வீட்டு அம்மா, அபூர்வமாக ஒரு கணவர். சிலர் யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அந்த இடத்தில் என் பெயரை எழுதுகிறேன்.

இந்த முறை அப்படி மூன்று வீடுகள். முட்டி வலிக்கிறது, உடம்பு முன்போல் ஒத்துழைப்பதில்லை. சனிக்கிழமை ஒருத்திக்குப் பரீட்சை, சாத்தாங்காட்டில் அவள் வீட்டுக்குப் போகவேண்டும். கைக்குழந்தையாம், ஆறு மாதம்.