என் கைக்கு என்னைக் கேளாமல் பேசி முடித்த நஷ்டஈடு

அனுப்புநர்:
மாடத்தி,
ஆண்டிச்சாமி மகள்,
எம். புதுப்பட்டி.

பெறுநர்:
உயர்திரு தொழிலாளர் நஷ்டஈட்டுக் கமிஷனர் அவர்கள்,
மதுரை.

பொருள்: பட்டாசுக் கம்பெனியில் வலது கையை இழந்தது – என் கணவர் செய்துகொண்ட ராஜியை ரத்து செய்து நஷ்டஈட்டை என்னிடமே தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் பூச்சட்டிக்கு மருந்து இடிக்கும் வேலை பார்த்து வந்தேன். அந்த அறைக்கு மேஸ்திரி என் கணவர். சென்ற புரட்டாசியில் மழை ஈரத்தில் மருந்து கட்டிப்போய் மரக்குச்சிக்கு இறங்கவில்லை. தீபாவளி லோடு மறுநாள் ஏற வேண்டும். மேஸ்திரி ஓர் இரும்புக் கம்பியைக் கொடுத்து, "இத வச்சு இடி, ஒண்ணும் ஆகாது" என்றார். மருந்தில் இரும்பு படக்கூடாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொன்னவர் புருஷன் என்பதால் இடித்தேன். மருந்து வெடித்து வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

2. ஆஸ்பத்திரிக்கு விசாரணைக்கு வந்த அதிகாரி, கம்பியைக் கொடுத்தவர் பெயரைச் சொல் என்றார். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். "அவுகதான்" என்றேன். எவுக என்று கேட்டார். கட்டில் பக்கத்தில் நின்ற என் கணவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பெயர் சொல்லாததால், நானே இஷ்டப்படி கம்பியை எடுத்து இடித்ததாக எழுதிக்கொண்டு போய்விட்டார். புருஷன் ஆயுசைக் காப்பாற்றியதற்கு எனக்குக் கிடைத்த பலன் இதுதான்.

3. அதை வைத்து முதலாளி, தப்பு தொழிலாளி மேல்தான், இருந்தாலும் இரக்கப்பட்டுத் தருகிறோம் என்று முந்நூறு ரூபாய்க்கு ராஜி பேசினார். என்னிடம் பேசவில்லை, என் கணவரிடம் பேசினார். கம்பியைக் கொடுத்தவரே எனக்காகக் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டார். மேஸ்திரி வேலையும் அவருக்கு நிலைத்தது. போனது என் கை, ஐயா. அதற்கு விலை பேச அவர் யார் என்று தாங்கள்தான் கேட்க வேண்டும்.

4. அந்தப் பணத்தில் ஒரு கறவை மாட்டை வாங்கி வாசலில் கட்டி, "ஒனக்குத்தான் வாங்கியிருக்கேன், கறந்து பொழச்சுக்கோ" என்றார். ஒற்றைக் கையால் கறக்க வேண்டுமாம். நியாயம் கேட்டேன். மனு கினு என்று போனால் வீட்டில் இடமில்லை, வாயை மூடிக்கொண்டு இருந்தால் சாகும்வரை கஞ்சி ஊற்றுகிறேன் என்று என்னிடமும் ஒரு ராஜி பேசினார். நான் சம்மதிக்கவில்லை. இப்போது தகப்பனார் வீட்டில், தலைமுடியைக்கூட நானாக முடிய முடியாமல் பிறத்தியார் தயவில் இருக்கிறேன்.

5. ஆகவே அந்த ராஜியை ரத்து செய்து, என்னை நேரில் அழைத்து விசாரித்து, சட்டப்படி சேர வேண்டியதை என் கையிலேயே கொடுக்க உத்தரவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

6. தங்கள் முன்னால் பெயரைக் கேட்டு நான் மறுபடி விழித்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். கம்பியைக் கொடுத்தவர் பெயர் சீனிச்சாமி. கலியாணமான நாளிலிருந்து இன்றுதான் அந்தப் பெயரை வாயால் சொல்கிறேன். மனு எழுதுபவர் காதில் சரியாக விழவில்லை என்றார். இன்னொரு தரம் சத்தமாகவே சொன்னேன்.

இடம்: சாத்தூர்
நாள்: 12-3-1962

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
மாடத்தி
(இடது கைப் பெருவிரல் ரேகை)

சொல்லக் கேட்டு எழுதியவர்: அய்யாதுரை, மனு எழுத்தர், சாத்தூர்.