குடிக்காதவரின் ஈரல்

நானா,

இன்று காலை ஸ்கேன் அறையில், வயிற்றில் பூசிய குளிர்ந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. குடிப்பீங்களா?" என்று கேட்டார் டொக்டர். என் மகள் வயதிருக்கும். இல்லை என்றேன். "சரி" என்று எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். இன்னொரு முறை கேட்கவில்லை, முகத்தை உற்றுப் பார்க்கவும் இல்லை. எனக்கு உங்கள் நினைவு வந்தது.

"நான் ஒல்லி ஆள்தானே?" என்றேன்.

"ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வரும். கொழுப்பு வெளியில தெரியாம உள்ளுக்க சேரும். சீனி வருத்தம் உள்ள குடும்பமா?"

வாப்பாவைச் சொன்னேன். பிறகு, கூடப்பிறந்த மூத்தவர் என்று உங்களைச் சொன்னேன். துருத்திய கழுத்தெலும்பு, ஈர்க்குச்சிக் கைகால், சாரனுக்கு மேலே சின்னதாக ஒரு தொந்தி. நாள் முழுக்கக் கட்டுகஸ்தோட்டைப் புடைவைக் கடைக் கதிரையில் இருப்பு. அடிக்கடி பிளேன்டீ, ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி சீனி. ஊரடங்கு போட்ட நாள்களில் அந்தக் கடை வரையான நடையும் இல்லை. சோறும் தேத்தண்ணீரும்தான். "அப்ப அவருக்குக் குடிக்காமலே வந்திருக்கலாம்" என்றார் டொக்டர். இருபத்தைந்து வருடம் பிந்திக் கேட்கிறேன்.

உங்கள் கண் மஞ்சளானது யுத்த காலத்தில். அன்றைய டொக்டர் "எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?" என்றுதான் ஆரம்பித்தார். நீங்கள் மறுத்தீர்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பாலத்தடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கிச் சோதிப்பார்களே, அங்கே ஒரு நாள் ஆமிக்காரன் உங்கள் கண்ணைப் பார்த்து, குடித்திருக்கிறாயா என்று சிங்களத்தில் கேட்டான். வரிசை முழுக்கச் சிரித்தது. தொப்பி போட்ட ஆளல்லவா, வேடிக்கை அதிகம். நான் இரண்டு பேருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன், உங்களைத் தெரியாதவன் மாதிரி.

அந்த வருடப் பெருநாள் அன்று, தொழுகை முடிந்து நாம் கட்டித் தழுவியபோது, என் மூக்கை உங்கள் வாயருகே கொண்டுபோனேன். நீங்கள் புரிந்துகொண்டீர்கள். பள்ளி முற்றத்தில், அத்தனை பேர் முன்னால், வாயை ஆவென்று திறந்தீர்கள்.

"நல்லா மணந்து பாரு தம்பி. வல்லாஹி, நான் தொட்டதே இல்ல."

அத்தர் வாசனை மட்டும்தான் வந்தது. அத்தர் போட்டு மறைக்கிறார் என்று நினைத்தேன். அப்படிப்பட்ட புத்தி எனக்கு.

பிறகு உங்கள் மூத்தவளுக்குக் கலகெதரையில் சம்பந்தம் பேசினோம். மாப்பிள்ளை வீட்டார், வழக்கப்படி, பெண்ணின் சாச்சாவான என்னிடம் தனியாக விசாரிக்க வந்தார்கள்.

"உங்கட நானாக்கு என்ன வருத்தம்?"

"ஈரல்ல."

"குடியோ?"

நான் தரையைப் பார்த்தேன். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லவில்லை. பொய் சொல்லக் கூடாதாம், பெரிய நேர்மைக்காரன்! அவர்கள் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்கள். மூன்று மாதத்தில் வயிற்றில் நீர் கோத்து நீங்கள் மௌத்தாகிவிட்டீர்கள். கடைசிக் கிழமை நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தீர்கள், என்னோடு பேசவில்லை.

மூத்தவள் அதன்பின் கலியாணமே வேண்டாம் என்றுவிட்டாள். பாடசாலையில் படிப்பிக்கிறாள். இன்று ஸ்கேன் முடிந்து நேரே அவளிடம்தான் போனேன். டொக்டர் சொன்னதையெல்லாம் சொல்லி, "உங்கட வாப்பா குடிக்கல்ல மகள்" என்று அழுதேன். அவள் கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள். பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"அது எனக்குத் தெரியும் சாச்சா. வாப்பா செல்லினாரே."

உங்கள் வாய்ச்சொல் அவளுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. எனக்குத்தான் ஸ்கேன் தேவைப்பட்டது, அதுவும் என் வயிற்றில். சீனியை விட்டு, தினமும் நடந்தால் ஈரல் தேறும் என்கிறார் டொக்டர். தேறட்டும். அவள் எனக்கும் பிளேன்டீ ஊற்றித் தந்தாள், கண்ணைத் துடைக்கத் துவாயும் தந்தாள். நல்ல சாச்சா என்றே இன்னும் நினைக்கிறாள், நானா. கலகெதரைக்காரர்கள் ஏன் எழும்பிப் போனார்கள் என்பதை இன்றும் நான் அவளிடம் சொல்லவில்லை.