ஜாடியில் வெட்டிய பெயர்

அரியூர் நாடு,
புதன்கிழமை.

அன்பு மகள் பரிமளாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நல்ல சுகம். அந்தக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ கத்துவாய், நானும் கத்துவேன், அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய மூன்று பிரெஞ்சு ஜாடிகளும் உடையாமல் வந்தன. நாமக்கல்லில் பார்சலை வாங்கி மடியில் வைத்தே பஸ்ஸில் மலையேறினேன். ஜாடி என்றதும் கண்டக்டர் "ஏனுங்க, ஊறுகா எங்களுக்கில்லீங்களா?" என்றார். காலி ஜாடி, மகள் பிரான்சிலிருந்து அனுப்பியது, வீட்டில் அழகுக்கு வைக்க என்றேன். "காலி ஜாடி பிரான்சுலருந்துங்களா!" என்று சிரித்தார். எனக்கும் அப்போது அதே எண்ணம்தான், பொய் சொல்ல மாட்டேன். வீட்டில் எடை போட்டு, ஒரு நாள் தண்ணீரில் ஊற வைத்து மறுபடி போட்டேன். பெரிய ஜாடி ஐந்தே முக்கால் கிலோவுக்கு முப்பது கிராம்தான் ஏறியது. மண் கல்லாகும்வரை சுட்டிருக்கிறார்கள். அதன்பிறகுதான் மரியாதை வந்தது. நீ படத்தில் காட்டியபடி ஜன்னலுக்கு மேலே பலகை அடித்து, ஆங்கர் போல்ட் போட்டு, உயரவாரியாக வைத்தேன். மிளகு கொட்டி வைக்க வந்த அம்மாவையும் தடுத்துவிட்டேன்.

இப்போது விஷயம். பெரிய ஜாடியில் உன் பெயரை வெட்டிவிட்டேன். நூறு வருஷத்துக்கு மேலானது, தேய்த்துக்கூடக் கழுவாதீர்கள் என்று எழுதியிருந்தாயே, அதேதான். அம்மா மூன்று நாளாக விடவில்லை. "புள்ள மொதச் சம்பளத்துல வாங்குனது, பேரில்லாம எப்படிங்க வெக்கறது?" என்றாள். இது அண்டாவோ குடமோ இல்லை, விசேஷ வீட்டுக்கு இரவல் போய்த் திரும்பி வர என்றேன். அதற்கு அவள், "நாளைக்குக் கண்ணாலமாச்சுன்னா இனிசியல் மாறிப்போயிருமுங்க, இப்பவே வெட்டிருங்க" என்றாள். மோட்டார் வேலைக்கு வைத்திருக்கும் சின்ன கிரைண்டரில் வைர முனை போட்டு 'த. பரிமளா' என்று வெட்டினேன். 'ப' போடும்போது நகக்கண் அளவு பூச்சு தெறித்துவிட்டது.

பக்கத்து வீட்டுச் சின்னாயி, "அந்தூருக்காரனும் பேரு வெட்டியிருந்தா ஜாடி அவனூட்டுக்கே திரும்பிப் போயிருக்குமே" என்று கேலி செய்ய, அம்மா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு கலைச்செல்வி டீச்சர் வந்து, "அய்யோ, பழம்பொருள்ல கீறல் விழுந்தா மதிப்பே போச்சுங்களே" என்றாள். அன்றிலிருந்து அம்மா உன் போனை எடுப்பதில்லை. டவர் இல்லை என்று நான் உன்னிடம் சொன்னது பொய். டவர் இருக்கிறது, அவளுக்குத்தான் பயம்.

ஜாடியின் அடியில் செய்தவன் பச்சை மண்ணிலேயே இரண்டு எழுத்து கீறியிருக்கிறான். ஈரத்தில் எழுதியதால் அவனுக்கு ஒரு பிசிறில்லை. நான் கல்லான பிறகு வெட்டினேன், தெறித்தது. இதை நினைத்தால் நீ அங்கே படிக்கக் கிளம்பிய நாள் ஞாபகம் வருகிறது. அன்று உன் பெட்டியை மட்டும்தான் நாலு தடவை எடை போட்டேன். அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, பஸ் போய்விடும் என்று அவளை அதட்டினேன். அவளைப் பேச விட்டிருக்கலாம். இரண்டு வருஷம் கழித்துச் சொல்கிறேன், என்ன செய்ய.

திட்டுவதென்றால் என்னைத் திட்டு, தனியாக எழுது. மற்ற இரண்டு ஜாடியையும் தொட மாட்டேன். குச்சிக்கிழங்கு பிடுங்கியாகிவிட்டது, மழை பரவாயில்லை. வேலை வேலை என்று ராத்தூக்கம் கெடுக்காதே. எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, நன்றாக இரு கண்ணு.

ஞாயிறு காலை கூப்பிடு. போனை நான் எடுத்து அம்மா கையில் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவேன். ஜாடியைப் பற்றி அவளாகச் சொல்லட்டும். சொல்லும்வரை உனக்கு எதுவும் தெரியாது.

உன் அப்பா,
தனபால்