துண்டுக்குள் ஐந்து விரல்

நவம்பர் 10, திங்கள்

மழை விடவில்லை. வெங்காய மூட்டையெல்லாம் ஈரம். தார்ப்பாய் இன்னொன்று வாங்கணும்.

மண்டியில் வெங்காயத்தைவிடக் கட்சித் தேர்தல் பேச்சுதான் ஜாஸ்தி. புது மாவட்டம் பிரித்த பிறகு முதல் மாவட்டச் செயலாளர். வரும் ஞாயிறு ஓட்டு. அக்கா வீட்டுக்காரர் சவரிமுத்து மச்சானா, பழனிக்காரரா? பந்தயம் ஜோராக ஓடுகிறது. பிடிப்பவர் தரகர் மொக்கைச்சாமி. வெங்காய விலை பேசுகிற மாதிரியேதான்: கைமேல் துண்டு, அடியில் விரல். மச்சானுக்கு இன்று ஒரு விரல். ஒண்ணுக்கு ஒண்ணு. சரிபாதி வாய்ப்பு.

அக்காவுக்கு இப்போதே செயலாளர் பெண்டாட்டி மிடுக்கு. குழம்பில் உப்பு இல்லை. சொன்னால் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது.

11, செவ்வாய்

மழை. மூக்கடைப்பு.

துண்டுக்குள் கையை விட்டேன். மொக்கைச்சாமி என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். முழுக்கை! மச்சான் மேல் ஒரு ரூபாய் வைத்தால் ஐந்து தருவாராம். அதாவது மச்சான் தேறமாட்டார். ஒரே ராத்திரியில் எப்படி?

பழனிக்காரர் வேலைதான். ஆளைவிட்டு ரேட்டை விழத்தட்டினால் ஓட்டுப் போடுகிறவன் மிரளுவான். வெங்காயத்தில் நாங்கள் பார்க்காத தில்லுமுல்லா? வீம்புக்கு நானும் மச்சான் மேல் வைத்தேன். ரேட்டு அசையவில்லை.

சாப்பிடும்போதும் கையில் அந்தப் பிடி. சோப்புப் போட்டுக் கழுவினேன். போகவில்லை.

13, வியாழன்

ஒட்டன்சத்திரம் லாரி ஏஜெண்டிடமிருந்து டிரங்க் கால். கேரளா லோடு பற்றிப் பேசிவிட்டு, கடைசியில்:

"ஏனுங்க, உங்க மச்சானுக்கு ஒடம்புக்கு என்னங்க?"

"ஏன், நல்லாத்தானே இருக்காரு."

"அப்டீங்களா. சரிங்க, வெச்சுர்றனுங்க."

நேரே மொக்கைச்சாமியிடம் போனேன். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"வெங்காயம் வெளிய பளபளன்னுதான் இருக்கும் அப்பு. உள்ள பாத்தவன் வந்து பந்தயம் வச்சுட்டுப் போயிட்டான்."

"எவன்?"

"எக்ஸ்ரே ரூம்ல வேலை பாக்குறவன். ஞாயித்துக்கெழம வரைக்கும் எந்திரிச்சு நடந்தாலே பெருசுங்கிறான்."

போன வாரம் மச்சான் இருமலுக்கு நெஞ்சுப் படம் எடுத்தார். "வெறும் சளி மாப்ள" என்றார். நானும் நம்பினேன். ரேட்டு விழுந்ததும் சூதைத்தான் தேடினேனே ஒழிய, மனுசனைத் தேடவில்லை. மண்டிக்காரப் புத்தி. சீ.

அக்காவிடம் சொல்வதா? ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தேன். ஒவ்வொரு மணிக்கும் அந்த விரல்கள்தான்.

15, சனி

வெயில், அதிசயமாக. அக்கா வீட்டில் சாப்பாடு. மீன் குழம்பு, நல்லா இருந்தது. மச்சான் ரெண்டு வாய்தான். ஓட்டு யார் யார் என்று உற்சாகமாகப் பேசினார். நடுநடுவே இருமல், கைக்குட்டையை மடித்து மடித்துப் பைக்குள்.

அக்கா அடுப்படிக்குப் போனாள். மச்சான் தோள் துண்டை எடுத்து என் கைமேல் போட்டார்.

"ரேட்டு எம்புட்டு மாப்ள?"

இரண்டு விரலை நீட்டினேன். மற்றதை மடக்கிக்கொண்டேன். அவர் கை சுட்டது. மடக்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஐந்தையும் சேர்த்துப் பிடித்தார்.

"தெரியும்லே. டாக்டர் சொல்லிட்டாரு." பிறகு மெதுவாக, "ஒங்க அக்காட்ட மட்டும் ரெண்டுன்னே சொல்லு."

சொம்புத் தண்ணியைத் தட்டிவிட்டேன், வேண்டுமென்றே. துடைக்கிற சாக்கில் குனிந்துகொள்ளலாமே.

16, ஞாயிறு

பூசை முடிந்து நேரே ஓட்டு. மச்சான் ஜெயித்தார். மாலை, வேட்டு. தூக்கிக்கொண்டு ஆடினார்கள். "பாத்து, பாத்து" என்று கத்தினேன். யார் காதில் விழுந்தது.

கூட்டத்தில் மொக்கைச்சாமி. பக்கத்தில் வந்து துண்டை நீட்டினார்.

"அடுத்தது வந்துருச்சு. கிறிஸ்துமஸ் தாண்டுவாரான்னு. ஒனக்குத்தான் உள் வெவரம் தெரியும்."

கையை உதறிக்கொண்டேன். அதற்குள் விரல் பட்டுவிட்டது. முழுக்கை. பாவி, அதற்கும் அதே ரேட்டு.

வீட்டில் அக்கா எல்லாருக்கும் சீனி கொடுத்துக்கொண்டிருந்தாள். என் வாயிலும் போட்டாள்.

"எப்பப் பாத்தாலும் வெள்ளைதான் போடுறாரு. கிறிஸ்துமஸுக்கு அவருக்குக் கலர்ல ஒரு சட்ட எடுப்பமாடா?"

ரெண்டா எடுப்போம்க்கா என்றேன்.