அடைத்த துளைகள்

அக்டோபர் 6
முன்பக்க உள்சுவரில் ஈரக்கறை என்று சோதிக்கப் போனேன். மூன்று மாடி அலுவலகக் கட்டடம், சுற்றிலும் சுவர்மேல் அழகுக்குக் கல் பதித்தது. கனடாவின் இந்தக் கடலோர ஹாலிஃபாக்ஸில் மழை அதில் பக்கவாட்டில்தான் அடிக்கும். கல்லுக்குப் பின்னால் புகுகிற நீர் வடிவதற்காக ஒவ்வொரு வரிசைக்கடியிலும் துளைகள் விட்டிருந்தார்கள். அத்தனையையும் பசை வைத்து அடைத்திருக்கிறார்கள். எந்த முட்டாள்?

"நான்தான் அடைக்கச் சொன்னேன். குளவி கூடு கட்டுச்சு," என்றாள் டார்லீன். கட்டடத்தின் மேலாளர். முகத்தில் பெருமை வேறு.

ஏணி போட்டு முன்வாசலுக்கு மேலே ஒரு துளையின் பசையைக் கீறி எடுத்தேன். பழுப்புத் தண்ணீர் என் சட்டைக்கைக்குள் இறங்கியது. உள்ளே பலகை நனைந்த ரொட்டிபோல இருக்கிறது. கல்லைப் பிடித்திருக்கும் தகடுகள் துருவாக உதிர்கின்றன.

"கல்லு விழும். இந்த வாசலை மூடிட்டு, எல்லாரையும் பின்வாசல் வழியா விடுங்க."

"பல் டாக்டர்கிட்ட வர்றவங்க குப்பைத்தொட்டியைச் சுத்தி வரணுமா? மீசை முளைச்சதும் வந்து சொல்லு தம்பி."

அக்டோபர் 8
என் அறிக்கையில் ‘உடனே’ என்றிருந்ததை முதலாளி லார்ன் ‘வசந்த காலத்துக்குள்’ என்று மாற்றிவிட்டார்.

"நமக்கு வேலை குடுக்குறவங்கடா ரோரி. பயமுறுத்தாதே." வாய் நிறைய டோனட்.

பொறியாளராம்! அதுவரை கல் என்ன, நாள் பார்த்துக்கொண்டு தொங்குமா?

அக்டோபர் 9
இரண்டு பேரையும் வெறுக்கிறேன்.

அக்டோபர் 14
நாளை புயல். மாநகராட்சிக்கு நானே போன் போட்டேன். ஆய்வாளர் வந்தார், நான் கீறிய இடத்தைப் பார்த்தார், முன்வாசலை மூடச் சொன்னார்.

"பின்பக்கம் எப்படி?"

"அங்க உள்சுவர்ல கறையே இல்ல. நல்லாருக்கு," என்றேன்.

டார்லீன் தெருவில் நின்று என்னைத் திட்டினாள். லார்ன் போனில், "உன் பூட்ஸை எடுத்துட்டுப் போயிடு, இனி இந்தப் பக்கம் வராதே," என்றார். போகட்டும். வாசல் மூடியாயிற்று. ஜெயித்தது நான்.

அக்டோபர் 16
நேற்று கல் விழுந்தது. முன்னால் அல்ல — பின்வாசலில்.

பல் மருத்துவரிடம் வந்த ஒரு பெரியவருக்காக டார்லீன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவருக்கு ஒன்றுமில்லை. அவளுக்குத் தோள்பட்டை நொறுங்கிவிட்டது.

பின்பக்கம் வடக்குச் சுவர். வெயில் படாது, நனைந்தால் காயாது. கறை உள்ளே வரவில்லை என்றால் நீர் இல்லை என்று யார் சொன்னது? முதல் வருஷப் பாடம்டா இது! அங்கே ஒரு துளையைக் கீற எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவள் வாயை அடைக்கிற அவசரம் எனக்கு.

முன்பக்கம் ஒரு கல்கூட அசையவில்லை.

அக்டோபர் 19
டார்லீனைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். பூ வாங்கவில்லை. என்ன மூஞ்சியோடு வாங்குவது?

"வாடா கெட்டிக்காரா. இங்க எந்த வாசல் வழியா வந்தே?"

"முன்வாசல்."

"மேல பாத்தியா?"

"பாத்தேன்."

அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.