பன்னு இருந்த வாரம்

ஜூன் 8, ஞாயிறு

காத்து. காயப்போட்ட என் ஸ்கூல் சட்டை பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு முருங்கையில். எடுக்கப் போகவில்லை. அதைவிட முக்கியமான வேலை: நாய்க்குட்டி வந்துவிட்டது.

வந்தது என்பதைவிடக் கைமாறியது எனலாம். இடம், பல்லடம் ரோட்டில் ஒரு பேக்கரி வாசல். மூர்த்தி மாமா (அப்பாவின் அத்தை மகன், நாய் வியாபாரம்) வண்டியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினார். உள்ளே லேப்ரடார் குட்டி, சுருக்கமாக லேப், வெண்ணெய் நிறம். அப்பா டீ வாங்கிக் கொடுத்தார், மாமா தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்தது. துடியலூரில் எங்கள் வீடு வந்து சேர்வதற்குள் தம்பி கவின் பேரே வைத்துவிட்டான். பன்னு.

கவின் அஞ்சாவது படிக்கிறான். நாய் வேண்டும் என்று அவன் கேட்காத சாமி இல்லை. பிள்ளையாரிடம் எலி இருப்பதால் அவரிடம் மட்டும் கேட்கவில்லையாம்.

கிளம்பும்போதே அம்மா கேட்டாள், பண்ணைக்கே போய்ப் பார்த்து எடுக்கலாமே என்று. அப்பா சொன்ன பதில்:

"சொந்தத்துக்குள்ள அப்படிக் கேட்டா நல்லா இருக்காது. சந்தேகப்படறாப்பல ஆயிரும்."

இதே அப்பா, தை மாசம் பெரியப்பாவுக்குக் கன்று வாங்கப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனவர். சுழி பார்த்து, பல் பார்த்து, தாய்ப்பசுவின் மடியைப் பார்த்து, அரை நாள் வெயிலில் நின்றவர். மாட்டுக்குச் சுழி பார்த்தவர் நாய்க்குச் சொந்தம் பார்த்தார்.

சிரிப்பாக எழுதுகிறேன். ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. யாரிடமும் சொல்லாத விஷயம். எழுதியாவது தொலைக்கிறேன்.

மே லீவு. அம்மா குளியலறையில். அவள் போன் அடித்தது. காரமடைச் செல்வி அக்கா. அவர் வீட்டு லேப் குட்டி போட்டிருக்கிறது, வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு (பிரசவத்துக்கு) மேல் விடமாட்டார், ஒரு குட்டி வேண்டும் என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். நான் எடுத்தேன். அம்மா குரல் எனக்கு அப்படியே வரும். பால்காரரையே ரெண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

வந்து தாயைப் பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம் என்றார் செல்வி அக்கா. அதற்கு முன்னால் சில கேள்விகளாம். கேட்டதும் எனக்குக் குஷி.

பகல்ல ஊட்ல யாருங்க இருப்பாங்க? — டிவி இருக்குமுங்க.
எங்க படுக்க வெப்பீங்க? — அது எங்க படுக்குதோ அங்கதானுங்க, நாங்களா தாலாட்டுப் பாடோணும்?
வளக்க முடியாமப் போச்சுன்னா? — பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டிப்போட்டு வந்துருவோமுங்க.

கேள்வி அதோடு முடிந்தது. பிறகு, "சரிங்க. பாத்துச் சொல்றனுங்க."

எங்கள் ஊரில் இதற்கு அர்த்தம் 'இல்லை'. அவர் அப்புறம் கூப்பிடவே இல்லை. அம்மா கூப்பிட்டபோது குட்டியெல்லாம் போயிடுச்சுங்க என்றார், மரியாதையாக. ஏன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் மூர்த்தி மாமா.

போகட்டும். பன்னு அழகாகத்தான் இருக்கிறது. எல்லாம் நல்லதுக்கே.

ஜூன் 9, திங்கள்

சாரல். சட்டை முருங்கையிலேயே நனைகிறது. கலர் டிரஸ்ஸில் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து பி.டி. சார் குரலில் "லைன்ல நில்லு" என்றேன். ஒன்பதாவது பி பிரிவு மொத்தமும் நின்றது. சிரித்துச் சிரித்து டிபன் பாக்ஸைக் கொட்டிவிட்டேன். தக்காளி சாதம். இழப்பு ஒன்றும் பெரிதில்லை.

வீடு வந்தால் பன்னு தூங்குகிறது. காலையில் பார்த்த அதே இடம், அதே மடிப்பு. குட்டி என்றால் செருப்பைக் கடிக்க வேண்டாமா? செருப்பை மூக்குக்கு நேராகக் கொண்டுபோய் வைத்தேன். கண்ணை மட்டும் திறந்து, 'வேற வேலை இல்லையா' என்பது போல் பார்த்தது. வயிறு மட்டும் புடைத்து, கால் நாலும் குச்சி.

கவின் தன் பங்குப் பாலைக் கிண்ணத்தில் ஊற்றி, பிஸ்கட்டை நனைத்து ஊட்டினான். ரெண்டு வாய் நக்கியது. உலகக் கோப்பை ஜெயித்த மாதிரி வீட்டைச் சுற்றி ஓடினான்.

ஜூன் 11, புதன்

ஸ்கூல் போகவில்லை. விடியும்போது பன்னுவுக்கு வாந்தி. பிறகு ரத்தமாகப் போனது. அந்த வாசத்தை எழுத வேண்டாம்.

கிளினிக்கில் கால்நடை டாக்டரம்மாவுக்குப் பார்த்ததும் முகம் மாறியது. பார்வோ. குட்டி நாய்களைக் கொல்லும் வைரஸ். மெலிந்த காலில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். ரெண்டு மாசக் குட்டி என்று மூர்த்தி மாமா சொன்னதை அப்பா சொன்னார்.

"இது ரெண்டு மாசம் இல்லீங்க. தாய்கிட்ட இருந்து இதப் பிரிச்சிருக்கவே கூடாது. தாயைப் பாத்தீங்களா?"

அப்பா, "சொந்தக்காரருதானுங்க."

"நான் கேட்டது நாயோட அம்மாவங்க."

அப்பா என்னைப் பார்த்தார், நான் டிரிப் பாட்டிலைப் பார்த்தேன். சொட்டு, சொட்டு.

டாக்டரம்மா மெதுவாகத்தான் பேசினார். தாய் எங்கே, எந்த இடத்தில் குட்டி பிறந்தது என்று காட்டாமல், வழியில் நின்று பெட்டியில் கொடுத்தால் வாங்கவே கூடாதாம். எந்த ஜாதி கேட்டாலும் ரெடியாக இருக்கிறது என்றால் அது வீடில்லை, தொழிற்சாலையாம். நல்லபடி வளர்ப்பவர்கள் நம்மைத்தான் குடைந்து குடைந்து கேட்பார்களாம்.

குடைந்து குடைந்து. செல்வி அக்காவின் மூன்று கேள்விகள்.

கிளம்பும்போது கவினிடம் சொன்னார், இனி பால் வைக்காதே கண்ணு, வயிற்றுக்கு ஆகாது என்று. அவன் தலையாட்டினான். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஜூன் 13, வெள்ளி

பன்னு இல்லை.

மத்தியானம், கிளினிக்கில். நாங்கள் ஸ்கூலில்.

அப்பா கொல்லையில் தென்னைக்குப் பக்கத்தில் குழி வெட்டினார். அம்மா பழைய துண்டு கொடுத்தாள். அப்புறம் தரை, கிண்ணம், சுவர் எல்லாவற்றையும் ப்ளீச் போட்டுக் கழுவினோம். கை வெந்துபோகிற மாதிரி எரிந்தது. நல்லா எரியட்டும் என்று இன்னும் தேய்த்தேன்.

கவின் அழவில்லை. குழியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"நான் பால் ஊத்துனதுலதான் செத்துப்போச்சு."

அம்மா இல்லை என்றாள். அப்பா இல்லை என்றார். நானும் இல்லை என்றேன். மூன்று பேரும் சொன்னதால் ஆமாம் என்றே முடிவு செய்துவிட்டான்.

ஜூன் 14, சனி

வெயில். சட்டையை எடுத்துவிட்டேன். முருங்கைக் கறை போகாது போல.

கவின் பால் குடிப்பதை நிறுத்திவிட்டான். டம்ளரைக் கழுவி, கவிழ்த்து வைக்கிறான். யாராவது நிமிர்த்தினால் மறுபடி கவிழ்க்கிறான்.

கோமாளித்தனம் செய்து பார்த்தேன். அப்பா குரல், டாக்டரம்மா குரல், மிக்ஸி குரல். ஒன்றுக்கும் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு மட்டுமில்லை, எனக்கும்.

மூர்த்தி மாமா போன். ஸ்பீக்கரில் கேட்டது. "குட்டின்னா ஒண்ணு ரெண்டு அப்படித்தானுங்க மச்சான். மனசுல வெச்சுக்காதீங்க. நாளைக்கு வாங்க, வேற ஒண்ணு மாத்திக்கலாம்."

பல்பு மாற்றுகிற மாதிரி.

அப்பா சரிங்க மாப்ளே என்றுவிட்டார். போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வேண்டாம் என்றாள். கூப்பிட்டுப்போட்டாரு, போகாம இருந்தா நல்லாவா இருக்கும் என்றார். கவின் கதவுக்குப் பின்னாலிருந்து, "இன்னொண்ணு வேண்டாம். நான் அதையும் கொன்னுபோடுவேன்."

அவனிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். கொன்னது நீ இல்லடா.

ஜூன் 15, ஞாயிறு

அப்பாவுடன் நானும் போனேன், நானே கேட்டு. பல்லடம் தாண்டி உள்ளே. முதலில் மாமா வீடு, பின்னால் நீளமாக ஒரு பழைய பிராய்லர் கோழி ஷெட். கோழி வியாபாரம் விட்டு ரெண்டு வருஷம் ஆச்சாம்.

முன்னறையில் நாலு குட்டிகள் ரெடி. குளிப்பாட்டி, பவுடர் போட்டு, ஒன்றுக்கு ரிப்பன் வேறு. மாமா டீ சொல்லிவிட்டு, எது வேணுமோ எடுத்துக்க கண்ணு என்றார்.

கேட்டுவிட்டேன். "இதோட அம்மா எங்கீங்க மாமா?"

"அது எதுக்கு அம்மணி? நீயென்ன பொண்ணா பாக்க வந்திருக்கே?"

"பொண்ணு பாக்கப் போனாலும் அம்மாவத்தானுங்க மொதல்ல பாப்பாங்க."

மாமா சிரித்தார், பாதி. அது கடிச்சுப்போடும், ஷெட்டெல்லாம் அழுக்கு, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அடுக்கினார். அப்பா தொண்டையைச் செருமினார். எனக்குத் திட்டு என்று நினைத்தேன்.

"ஒரு எட்டு பாத்துப்போட்டு வந்தர்றோம் மாப்ளே." எழுந்துவிட்டார்.

ஷெட். கூண்டுக்கு மேல் கூண்டு, தரைக்குப் பதில் கம்பிவலை. பக், பொமரேனியன், லேப், இன்னும் பேர் தெரியாதவை. குரைத்தவை கொஞ்சம். மற்றதெல்லாம் சும்மா பார்த்தன. கடைசியில் வெண்ணெய் நிறத்தில் ஒன்று. காம்புகள் தொங்கி வலைக்குள் நுழைந்திருந்தன. முழங்கையில் முடியே இல்லை. கடிக்கும் என்றாரே, கிட்டப் போனேன். எழுந்திருக்கக்கூட இல்லை. கழுத்தை மட்டும் நீட்டி என் கையை மோந்தது. ப்ளீச் வாசம்தான் வந்திருக்கும்.

அப்பா சந்தையில் கேட்கிற குரலில் கேட்டார். "இது எத்தனையாவது ஈத்து?"

"அதெல்லாம் கணக்கு யாருங்க வெச்சா மச்சான்."

அப்பா வேறெதுவும் கேட்கவில்லை. வாரேனுங்க என்றார். முன்னறையில் டீ வந்திருந்தது. தொடாமல் வண்டியை எடுத்தார். எங்கள் சொந்தத்தில் ஒரு வீட்டு டீயை அப்படி விட்டு வந்தால், திரும்ப அந்த வாசலை மிதிப்பதில்லை என்று அர்த்தம்.

வரும் வழியில், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அப்பா: "காரமடைக்காரங்க நம்மள ஏன் வேண்டாம்னாங்கன்னே தெரியல. அங்க எடுத்திருந்தா..."

நான்தாங்கப்பா என்றேன். காத்துச் சத்தம். என்ன என்றார். ஒண்ணுமில்லீங்கப்பா.

அதே நாள், சாயங்காலம்

கவின் டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். அந்தச் சத்தம் போதும். நாலு பேரும் அடுக்களையில் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். போன், கேள்வி, டிவி, தாலாட்டு, சந்தை, எல்லாம். ஒரு வரி விடாமல், அதே பதில்கள். மே மாதம் எனக்கு நானே சொல்லிச் சொல்லிச் சிரித்த பதில்கள்.

அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது. யாரும் அணைக்கவில்லை.

அப்பா வெளியே போய்த் தென்னையடியில் நின்றார். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

"என் குரல்லயா சொன்னே?"

அதற்குப் பதில் என்னை அடித்திருக்கலாம். காரமடையில் ஒருத்தர் இத்தனை நாளாக அம்மாவைத்தான் அப்படி ஒரு மனுஷி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அது எனக்கு உறைக்கவே இல்லை இதுவரை.

கவின் பக்கத்தில் வந்தான். "அப்ப பால் இல்லையா?" என்றான். இல்லடா. "நெசமா?" நெசமா.

எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஜூன் 16, திங்கள்

சாரல். அப்பா காலையில் டாக்டரம்மாவிடம் ஷெட் இருக்கும் இடத்தைச் சொன்னார். யாரிடம் புகார் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சொந்தக்காரர்தான் என்பதையும் மறைக்கவில்லை.

அம்மா தன் போனை என் முன் வைத்தாள். "உன் குரல்ல பேசு."

என் குரல் எப்படி இருக்கும் என்றே மறந்துவிட்ட மாதிரி இருந்தது. கீச்சென்று வந்தது. செல்வி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  முடித்ததும் அவர் முதலில் கேட்டது, தம்பி சாப்பிடறானா என்று.

குட்டி தருவாரா என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். அந்தக் கிருமி மண்ணில் மாசக்கணக்கில் கிடக்குமாம், இப்போதைக்கு எங்கள் வீட்டுக்கு எந்தக் குட்டியும் வரக்கூடாதாம். அடுத்த வருஷத்து ஈத்துக்கு வேண்டுமானால் யோசிப்பாராம். அதற்கு நடுவில் நாலு பேரும் ஒருமுறை வந்து தாய் நாயைப் பார்த்துவிட்டுப் போக வேண்டுமாம். வளர்க்க முடியாமல் போனால் அவரிடமே திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டுமாம், சந்தைக்கு ஓட்டக் கூடாதாம். அதைச் சொல்லும்போது அவர் சிரித்த மாதிரி இருந்தது. எனக்கு அழுகை.

"கேள்வியெல்லாம் அதேதான் கண்ணு. பதில யோசிச்சுப்போட்டு வாங்க."

இப்போது கவின் என் கட்டிலில். நேற்றிலிருந்து என்னோடு பேசாதவன், வந்து உட்கார்ந்து, "அவங்க கேட்டதையெல்லாம் என்னைக் கேளு. அவங்க குரல்லயே."

கேட்டேன். பகல்ல ஊட்ல யாருங்க இருப்பாங்க? ஸ்கூல் விடற வரைக்கும் அம்மா, அப்புறம் நானுங்க. எங்க படுக்க வெப்பீங்க? என் கட்டிலுக்குக் கீழங்க, இடி இடிச்சா மேல.

வளக்க முடியாமப் போச்சுன்னா? இதைக் கேட்கும்போது செல்வி அக்கா குரல் உடைந்து என் குரலே வந்துவிட்டது. அவன் கவனித்தானா தெரியவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தான்.

"உங்ககிட்டயே கொண்டாந்து விடுவோமுங்க. ஆனா கொண்டாரமாட்டோம்."

அடுக்களையில் அம்மா பால் காய்ச்சுகிறாள். அவன் டம்ளர் இன்னும் கவிழ்ந்தேதான் இருக்கிறது. மறுபடி மொதல்ல இருந்து கேளு என்கிறான்.