உனக்கும் சேர்த்துத் தொங்கவிட்ட படங்கள்

இன்று காலை எதிர்வீட்டுக் கதவுக்குப் பாலிஷ் போட்டார்கள். டர்பன்டைன் வாசம். லிஃப்ட் வந்து நின்று போய்விட்டது, நான் ஏறவில்லை. உன் புடவையில் எப்போதும் இருந்த வாசம் அது.

தெலுங்கு பேசும் இந்த ஊரில், மாரெட்பள்ளியில் என் மகள் படிக்கும் பள்ளியில் நீ ஓவிய ஆசிரியை. பெற்றோர் கூட்டத்தில் என் பேச்சைக் கேட்டு, "ஏட்டி, நீ திருநெல்வேலியா?" என்று கையைப் பிடித்தாய். அன்றிலிருந்து சிநேகிதம். உன் வகுப்பு நேரத்தைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்தபோது இருவருமாகப் பிரின்சிபாலைப் போய்ப் பார்த்தோம். "டிராயிங் ஹாபிதானே மேடம், வீட்ல போட்டுக்கட்டும்" என்றார்.

"வீட்டுல பேப்பர் இருக்கும் சார். பாக்கச் சொல்லித்தர ஆள் வேணும்லா?" என்றாய்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அதற்கப்புறம்தான் எங்கள் அபார்ட்மென்ட் ஹாலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பைத் தொடங்கினாய். குடியிருப்பவர்களின் பிள்ளைகளும் வேலைக்கு வருபவர்களின் பிள்ளைகளும் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்து வரைந்தார்கள். ஒருமுறை எல்லோரையும் பஸ்ஸில் மியூசியத்துக்குக் கூட்டிப் போனோம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த வாட்ச்மேன் மனைவி யாதம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். "நேனு ராவச்சா அம்மா?" நானும் வரலாமா என்று கேட்ட அவள் கையைப் பிடித்து இழுத்தாய். "வா. உனக்கும் சேத்துத்தான் தொங்கவிட்டிருக்காங்க."

பூத்தொடுக்கும் பெண்ணின் படத்துக்கு முன் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் அடுத்த அறைகளையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பியபோதும் அங்கேயே இருந்தாள். இத்தனை வருஷமாக இந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன் என்றாள்.

பிறகு நீ நோயில் படுத்தாய். ஆஸ்பத்திரியில் உன்னைப் பற்றிக் கேட்டால், நீ வகுப்பைப் பற்றிக் கேட்டாய். "விட்றாதட்டி." தலையாட்டினேன்.

நீ போன பிறகு அபார்ட்மென்ட் செக்ரட்டரியிடம் நடையாய் நடந்தேன். "டீச்சரே இல்லை, ஹால் எதுக்கு மேடம்?" வேறு ஆளைத் தேடினேன், ஞாயிற்றுக்கிழமை வர யாரும் அகப்படவில்லை. எனக்கோ ஒரு கோடு நேராக வராது. இப்போது ஹாலில் டிரெட்மில் ஓடுகிறது. கோச்சிங்குக்குக் கிளம்பும் மகளிடம், கொஞ்சம் வரையேன் என்றால், "டைம் லேதும்மா" என்கிறாள். அவளுக்கு நிஜமாகவே நேரமில்லை. என்னால் யாரோடு சண்டை போட முடியும்?

போன ஞாயிறு யாதம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு மியூசியத்துக்குப் போனேன். ஓர் ஆற்றங்கரைப் படம். தண்ணீரில் ஏன் சிவப்பு அடித்திருக்கிறார்கள் என்று தெலுங்கில் கேட்டாள். உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவள் நகரவில்லை. நானும் நகரவில்லை. அவள் பார்த்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன்; என்னால் ஆனது இப்போதைக்கு அவ்வளவுதான்.